ஒரு பிடி உமி

மச்சான்,

இன்று காலை மீன்பிடி லாஞ்சுக்குப் போடுகிற கிரீஸ் டின்னைத் திறந்தேன். டீசலும் மீன் எண்ணெயும் வெயிலில் காய்ந்த கயிறும் கலந்த அந்த வாசனை மூக்கைக் குத்தியது. புதுச்சேரியிலேயே இந்த கிரீஸை சைக்கிளுக்குப் போடுகிற ஒரே ஆள் நான்தான். புதுச்சேரி என்ன, இந்தியாவிலேயே. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "உலகத்துலயேன்னு சொல்லு பாய், என்னா கொறஞ்சிடப் போவுது" என்று சிரித்திருப்பாய். நீ இல்லாததால் இந்தியாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம்மை மலைக்கு அழைத்துப்போன அதே யாழினிதான் காலையில் கடைக்கு வந்தாள். கியர் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "மறுபடியும் மலைக்குப் போறோம் மாமா, வண்டிய ஒரு கை பாத்துக் குடுங்க" என்றாள். கை தானாக டின்னுக்குப் போனது. மூடியைத் திறந்தவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவது வரை படித்தவன் எழுதுவதில் பிழை இருக்கும். நீ ஐந்தாவதைத் தாண்டாதவன், உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

குருசுக்குப்பத்தில் மீனவன் வீட்டில் பிறந்து, படகில் கால் வைத்தாலே வாந்தி எடுத்த ஒரே ஆள் நீதான். கடலுக்குப் போக முடியாததால் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸ் ஓட்டினாய். மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பார்களை அடுக்கி, கரையாமல் இருக்க மேலே உமியைத் தூவி, ஈரச் சாக்கைப் போர்த்தி, முதலியார்பேட்டையில் என் கடையைத் தாண்டி மிதிப்பாய். நீ போன பிறகும் தெருவில் ஒரு ஈரக்கோடு கொஞ்ச நேரம் கிடக்கும். முப்பது வருடம் உன் வண்டிக்கு நான்தான் வைத்தியன். ஒரு நாளாவது நடுவழியில் நின்றிருக்கிறதா? சரி, நின்றிருக்கிறது. நான்கு தடவை.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாய். "கிண்ணுனு சத்தம் வந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம் பாய். பொத்துனு வந்தா செத்த ஐஸ். பாக்கறதுக்கு முழுசாத்தான் இருக்கும், உள்ள தண்ணி கட்டிட்டிருக்கும். கரைக்குப் போறதுக்குள்ள பாதியாயிடும்." இதை நீ சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஐஸில் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே நான்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

யாழினி உங்கள் குப்பத்துக்குப் படம் காட்ட வந்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? மலைமேல் பனி உருகுகிறது, அது ஆறாகி வந்து கடலை உயர்த்துகிறது என்று விளக்கினாள். உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட மணலில் அப்போது கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக்கிடந்தது. அந்தக் கல்மேல்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "மணல ஏற்கெனவே தொறமொகக் கல்லு தின்னுட்டுது. மிச்சம் இருக்கற எங்களக் குடிக்க இந்தத் தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நீ மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். கடைசியில் கேட்டாய்: "ஏம்மா, அவ்ளோ பெரிய ஐஸு தொறந்து கெடக்குது. அதுக்கு உமி போட யாருமே இல்லியா?"

அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நீங்க வாங்களேன் அண்ணே" என்றாள். ஒன்பது நாள் மலையில் சைக்கிள் பயணம், போகிற ஊரிலெல்லாம் பனி உருகுவதைப் பற்றிப் பேசுவது என்று ஏற்பாடு. மெக்கானிக் வேண்டும் என்று அவள் என் காலில் விழுந்து கெஞ்சியதாக நான் ஊரெல்லாம் சொன்னேன். மூன்று நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றது நான்தான் என்பது உனக்கு மட்டும் தெரியும். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை.

நம் ஊரில் ஏது மலை? ரயில்வே மேம்பாலத்தில்தான் பழகினோம். காலையில் நூறு தடவை ஏறி இறங்கினேன் என்றால், "பன்னண்டு" என்பாய் மெதுவாக. "பன்னண்டும் நூறும் ஒண்ணுதான் மச்சான், பாலத்துக்கு எண்ணத் தெரியாது" என்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உன் வண்டியை மட்டும் நான் தனியாகக் கழற்றினேன். மற்றவர்களுடையதெல்லாம் கம்பெனியில் பொருத்தியபடியே வந்தன. உன்னுடையது என் கையால் போகவேண்டும் என்று ஆசை. கடற்கரை ஊர்க்காரனுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. ஃப்ரீவீலைத் திறந்து, உள்ளே சக்கரத்தைப் பிடித்து ஓட்டுகிற சின்னச் சின்ன நாக்குகள் மறைகிற அளவுக்கு லாஞ்சு கிரீஸை அப்பினேன். துரு அண்டாது, நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும் என்றேன். என் வண்டிக்குப் போட கிரீஸ் மிச்சமில்லை.

நீ ஒரு சுருக்குப்பையை எடுத்துவந்தாய். உள்ளே ஒரு பிடி உமி. "என்னா மச்சான் இது?" என்றேன். "எந்த ஐஸயும் நான் தொறந்து போட்டுட்டு வந்ததில்ல. அங்க போய் மட்டும் பழக்கத்த மாத்துவனா?" என்றாய். நான் கேலி செய்தேன். மலை அளவு ஐஸுக்கு ஒரு பிடி உமியா என்றேன். "எனக்குத் தெரியாதா பாய்? நம்ம வேலைய நாம செஞ்சுட்டு வந்துடணும்."

மணாலியைத் தாண்டிய பிறகு நடந்ததை ஊரில் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு விதத்தில் கரடி வரும். உன்னிடம் அதெல்லாம் செல்லாது. மூச்சு வாங்கியது. உதடு வெடித்தது. எதிரில் வந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் நான் "கொமான் தாலே வூ" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்து வெளுத்து வாங்கினேன். அவர்கள் போன பிறகு நீ சொன்னாய்: "அவங்க ஜெர்மனிக்காரங்களாம் பாய். யாழினி சொல்லிச்சு." ஏற்றங்களில் இளவட்டங்கள் எல்லாம் இறங்கித் தள்ள, நீ மட்டும் ஐஸ் வண்டி மிதிக்கிற அதே தாளத்தில் ஏறினாய். ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பேசச்சொன்னார்கள். "உங்க ஐஸு கரைஞ்சா எங்க வூடு முழுவும்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். யாழினி அதை இந்தியில் சொன்னதும் பிள்ளைகள் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள்.

ஏழாம் நாள்தான் பனியாற்றுக்குப் போகிற நாள். குதிரைக்காரர் ஒருவர் வழி காட்டினார். விடியலில் கிளம்பினால்தான் ஓடையைக் கடக்கமுடியும், வெயில் ஏறினால் மேலே பனி உருகித் தண்ணீர் பெருகிவிடும், பிறகு யானையும் நிற்காது என்று முந்தின நாளே எச்சரித்திருந்தார்.

விடிந்தது. கூடாரத்தின்மேல் உறைபனி. எல்லோரும் மிதித்தார்கள். நீ மிதித்தாய், பெடல் சும்மா சுற்றியது. சக்கரம் அசையவில்லை. இன்னொரு தடவை மிதித்தாய். காற்றை மிதிப்பதுபோல் காலடியில் சுற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது மச்சான். குளிரில் கிரீஸ் மெழுகாக இறுகி நாக்குகளைப் பிடித்துக்கொண்டது. நம் ஊர் உப்புக்குப் போட்ட பூட்டு உன்னையே பூட்டிவிட்டது.

"என்னா பாய், என்னா ஆச்சு?" என்றாய்.

"ஒசரத்துல ஃப்ரீவீல் இப்படித்தான் பண்ணும். காத்து கம்மியில்ல, அதான் பிடிக்கல" என்றேன்.

ஒரு குவளை மண்ணெண்ணெய் போதும், அரைமணி நேரத்தில் கழுவியிருப்பேன். அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கழுவினால் இறுகிய கிரீஸ் வெளியே வரும், வந்தால் தப்பு என்னுடையதுதான் என்று நீ பார்த்துவிடுவாய். பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றினேன். பத்தடி ஓடியது, பிறகு மறுபடியும் சும்மா சுற்றியது. என் வண்டியை எடுத்துக்கொள் என்றேன். "மெக்கானிக்க நடக்க வுட்டுட்டு நான் மிதிச்சிட்டுப் போறதா? கேவலம்" என்று தள்ளிக்கொண்டே நடந்தாய். நானும் இறங்கி உன்னோடு தள்ளினேன். மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துபோனார்கள்.

பாதி வழியில் அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். யாழினியின் கண் சிவந்திருந்தது. "குதிரைக்காரர் கல்யாணத்தப்ப இந்த வளைவு வரைக்கும் ஐஸ் இருந்துச்சாம் அண்ணே. இப்ப ரொம்ப உள்ள தள்ளிப் போயிடுச்சு. நீங்க தூர இருந்து பாத்துட்டுத் திரும்பிடுங்க. தண்ணியில மட்டும் எறங்காதீங்க" என்றாள்.

நாம் ஓடைக்குப் போய்ச்சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. சிமெண்டு கரைத்த நிறத்தில் தண்ணீர் இரைந்தது. உள்ளே பாறைகள் உருளும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. தூரத்தில் பள்ளத்தாக்கின் தொண்டையில் கறுப்பாக, புழுதி படிந்து ஒன்று கிடந்தது. நான் நீலமாக, கண்ணாடி மாதிரி எதிர்பார்த்தேன். நீ கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி வெகுநேரம் அதைப் பார்த்தாய். ஓடையைப் பார்த்தாய். மறுபடியும் அதைப் பார்த்தாய்.

"ஒரு ஐஸ்லேர்ந்து இவ்ளோ தண்ணி ஒழுகுதுன்னா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாய். பிறகு சுருக்குப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். உன் முகத்தை முப்பது வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. வண்டியோடு ஐஸைக் கடலில் கொட்டிவிட்டவன்போல் இருந்தாய்.

"குடு, நான் வச்சிட்டு வரேன். மேல ஒரு எடத்துல தண்ணி கம்மி, பாத்துட்டேன்" என்றேன்.

"வாணாம் பாய்."

"நான் யாருன்னு நெனச்ச? கடப்பாரை நீச்சல் அடிச்சவன்!"

பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடையோரமாக மேலே நடந்து பாறைக்குப் பின்னால் மறைந்தேன். அங்கே தண்ணீர் இன்னும் வேகமாக இருந்தது. ஒரு காலைத் தூக்கினேன், திரும்ப வைத்துக்கொண்டேன். பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். போய்விட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சுருக்குப்பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்து வந்தேன்.

"வச்சிட்டேன் மச்சான்."

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் ஷூவைப் பார்த்தாய். காய்ந்த ஷூ. உப்புத்தண்ணிக் கரையில் பிறந்தவனுக்குத் தெரியாதா, எவன் தண்ணீரில் இறங்கினான், எவன் இறங்கவில்லை என்று?

"தட்டிப் பாத்தியா?" என்றாய்.

"பாத்தேன்."

"என்னா சத்தம்?"

என் வாய் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறது, எல்லாம் சிரிக்க வைக்கிற பொய். அன்றைக்குச் சொன்னது அப்படிப்பட்டதில்லை. "கிண்ணுனு இருந்துச்சு மச்சான். கோயில் மணி தோத்துது" என்றேன்.

நீ ஷூவிலிருந்து கண்ணை எடுத்தாய். பிறகு தலையை ஆட்டினாய். "கிண்ணுனா? அப்ப சரி. ஊர்ல வந்து இப்படியே சொல்லு பாய். உன்ன மாதிரி யாராலயும் சொல்ல முடியாது."

சொன்னேன். டீக்கடையில், கரையில், பள்ளிவாசல் வாசலில். நீ பக்கத்தில் நின்று, "ஆமா, பாய்தான் வச்சான், கிண்ணுனு இருந்துதாம்" என்று ஒவ்வொரு தடவையும் சாட்சி சொன்னாய். எதற்காகச் சொன்னாய்? நம்பியா? என்னைக் காப்பாற்றவா? குப்பத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்த அந்த ஜனங்கள் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றா? கேட்க இரண்டு வருடம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் பேச்சு கிரீஸில் கொண்டுபோய் விடும் என்று பயம்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்தாய். வண்டியில் ஏழு பார் இருந்ததாம். யாரும் எடுத்து வைக்கவில்லை, எல்லாம் தெருவிலேயே கரைந்துபோனது.

உன்னை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உன் மகள் அமுதா வருகிறவர்களிடமெல்லாம், "எங்கப்பா இமயமலை ஐஸுக்கே உமி போட்டு மூடிட்டு வந்தவரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த உமி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. பெட்டிமேல் தூவிவிடலாம் என்று பையின் வாயைக்கூட அவிழ்த்தேன். ஐஸில் இருக்கிறவனுக்கு அதுதானே முறை? தூவினால் அவள், "இது ஏது மாமா?" என்று கேட்பாள். சுருக்கை இழுத்து மூடிக்கொண்டேன். கூட்டம் குறைந்தபோது விரல் முட்டியால் கண்ணாடியை மெதுவாகத் தட்டினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இன்று யாழினியிடம் கிரீஸ் போடவில்லை என்றேன். ஏன் என்றாள். குளிரில் இறுகிவிடும், மெல்லிய எண்ணெய்தான் போடவேண்டும் என்று சொன்னேன்.  அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைக்குப் பெடல் சுற்றியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

பையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "அந்த எடத்துக்குப் போனா இத ஐஸ்மேல போட்டுடும்மா."

அவள் வாங்கவில்லை. "அங்க இப்ப போக முடியாது மாமா. ஐஸ் உருகி இன்னும் மேல போயிடுச்சு. வழி சரிஞ்சு, ஓடை இருந்த எடத்துல ஏரி நிக்குது. நாங்க இந்த வாட்டி வேற பக்கம் போறோம்." தன் சைக்கிளைப் பார்த்தபடி, "அங்கயும் எதுவரைக்கும் கிட்ட போக முடியும்னு தெரியல" என்றாள்.

அவள் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சொல்லிவிட்டேன் மச்சான், கிரீஸையும் சொல்லிவிட்டேன், பாறையையும் சொல்லிவிட்டேன். இனி நீ திட்டவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. நாளைக்கு டீக்கடையில் எவனாவது, "பாய், அந்த ஐஸ் கதையச் சொல்லு" என்பான். சாட்சிக்கு நீ இல்லாமலே, கிண் என்று இருந்தது என்றுதான் சொல்வேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லும்போதெல்லாம் கை சட்டைப்பைக்குப் போகிறது.

இப்போது பையைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சி அரிக்கவில்லை, நமுத்துப்போகவும் இல்லை. நீ கட்டிக்கொடுத்த ஒரு பிடி உமி அப்படியே இருக்கிறது.