முதற்கூடை யாருக்கு என்று வழக்காடிய மூவருக்கு வெண்கோட்டு அரசி விடுத்த ஓலை

மாரி பிழையாது, மண் வளம் குன்றாது நிற்க. வெண்கோட்டு நாடு காக்கும் நீலமங்கைத் தேவியாராகிய யாம், ஆயிரம் பொதிமாடுடைய வணிகக் குழுத் தலைவர் கூத்தன் நல்லியாருக்கும், கோயிற்சபை முதல்வர் ஈசான பட்டருக்கும், நாட்டவைத் தலைவர் ஆதன் கிழாருக்கும், ஆகப் பேரேரி காக்கும் முக்கூட்டவை என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட மூவருக்கும் விடுக்கும் ஓலை. நும் மாளிகைகள் நலமே இருக்கக் கடவன. ஏரி நலமாயில்லை என்பதை யாம் அறிவோம்.

நும் முறையீடு கண்டோம். மூன்று கோடைக்கு முன், மூவரும் கைகோத்து ஏரியைத் தூர்வாருவோம் என்று நீவிர் சொன்னபோது மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்காக இன்று வெட்குகிறோம். தூர்வாரும் நாளில் முதற்கூடை மண்ணைப் பெரியவர் ஒருவர் சுமப்பது இந்நாட்டு வழக்கம். அப்பெரியவர் நும்முள் எவர் என்று வழக்காடியே முதற்கோடை கழிந்தது. மறு கோடையில் மூவரும் ஒரே கூடையைப் பிடிக்க உடன்பட்டு, நடுவில் நிற்பவர் எவர் என்று பிரிந்தீர். இவ்வாண்டு மூன்று பிடி வைத்த வெள்ளிக்கூடை செய்வித்து, எந்தப் பிடி கிழக்கு நோக்குவது என்று இன்னும் ஆராய்கிறீர். கூடிய போதெல்லாம் விருந்துண்டீர். அள்ளிய மண் ஒரு பிடியும் இல்லை.

இதற்கிடையே ஏரியின் தென்மதகைக் கடைமடைக் குயவர்கள் தூர்வாரிவிட்டனர். களிமண்ணைத் தாம் கொண்டு வண்டலை உழவருக்கு விட்டனர். உப்பு விற்றுத் திரும்பும் மாடுகள் வெறும் முதுகோடு போவானேன் என்று உப்பு வணிகர் அதை வயல்வரை சுமந்து கொடுத்தனர். முன்னின்ற குயத்தி சாத்தியை எம் அதிகாரி வினவியபோது, மண் தமக்கும் வண்டல் உழவர்க்கும் நீர் மாட்டுக்கும் வேண்டியிருந்தது, மழையும் நெருங்கியது, இதில் யாரைக் கேட்க வேண்டும் என்று அவள் திருப்பி வினவினாளாம்.

நீவிரோ, சடங்கின்றி ஏரியில் கை வைத்தார் என்று குயவரும் உழவரும் உப்பு வணிகருமாக அறுபது பேரை நெற்களஞ்சியத்தில் அடைத்துவிட்டு, தலைக்குப் பன்னிரண்டு கசையடி கொடுக்க எம் இசைவு கேட்கிறீர். மழைக்கு இருபது நாளே உள்ளது. வடமதகு இன்னும் சேற்றில் புதைந்து கிடக்கிறது. அது திறவாவிடில் வெள்ளம் கரையை உடைக்கும். கரைக்குக் கீழே நும் மாளிகைகள் இல்லை, அவர் குடிசைகளே உள்ளன. இதை நினைத்தால் நும்மேல் எமக்குச் சினம்கூட வரவில்லை, அருவருப்பே வருகிறது.

ஆதலின் எம் ஆணை இது. ஓலை கண்ட நாழிகையே அறுபதின்மரும் விடுபடுக. வடமதகுப் பணி சாத்தியின் சொற்படி நடக்க. நீவிர் மூவரும் குடையும் பல்லக்கும் இன்றி அங்கே சென்று மண் சுமக்க. முதற்கூடை எவருக்கு என்னும் வழக்கு முடிந்தது; அதை ஒரு குயத்தி தூக்கிவிட்டாள். கடைசிக் கூடையை வேண்டுமானால் மூவரும் சேர்ந்தே தூக்குக. எது கடைசிக் கூடை என்பதை அவள் சொல்வாள். அவள் சொல்லும்வரை வீடு திரும்பற்க.

இது எம் கையெழுத்து. கீழுள்ளது வெண்கோட்டு யானை முத்திரை. மறுமொழி ஓலை வேண்டா.