குட்டி கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டேன் அண்ணா

என் செல்ல அண்ணா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் குட்டி கம்ப்யூட்டர் இப்போதும் ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை எழுதத்தான் கை வரவில்லை.

போன மாதம் அதைப் பார்ப்பதற்கென்றே பெங்களூரிலிருந்து ஒருவர் ஆம்பூருக்கு வந்தார். பழைய கையடக்கக் கணினிகளைச் சேர்ப்பவராம். செல்போன் வந்ததும் எல்லோரும் இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இப்போது கீல் உடையாத ஒன்று கிடைப்பதே அபூர்வம் என்றார். உங்கள் தோல் கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் உனக்குக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு கையாலும்தானே அதை மூடுவாய்? அதனால்தான் கீல் பிழைத்திருக்கிறது. எனக்கு விற்கும் எண்ணமே இல்லை. ஃபேஸ்புக்கில் படம் போட்டேன், அதைப் பார்த்துத்தான் வருகிறேன் என்றார்; நாலு பேர் வாயைப் பிளந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் வருகிறார் என்றதும் பழக்க தோஷம். ஷூ கம்பெனி ஃபினிஷிங்கில் இருபது வருஷம் இருப்பவள், வேறென்ன செய்வேன்? சரக்கு வாங்குகிற பையர் வருவதற்கு முன்னால் சரக்கில் ஒரு விரல் தடம்கூட இருக்கக் கூடாது எங்களுக்கு. பேட்டரி இரண்டையும் கழற்றினேன். பக்கத்திலிருந்த பொத்தான் பேட்டரியையும் கழற்றினேன். பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினேன்.

"ஒண்ண கழட்னா இன்னொண்ணு உள்ள இருக்கணும்டி. இல்லன்னா எழுதினதெல்லாம் போய்டும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அன்றைக்கு ஏன் அது ஞாபகத்துக்கு வரவில்லை?

மறுபடி போட்டதும் திரை தெளிந்து, இன்றைக்கு என்ன தேதி என்று என்னையே கேட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் உன் மகள் கலைக்காக, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி எழுதினாயே, அதில் ஒரு வரிகூட இல்லை.

வந்தவர் பூரித்துப் போனார். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா, அப்படியே புதுசு!" என்றார். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அவளிடம் கொடு என்றாய். முந்தாநாள் வந்துவிட்டது அண்ணா. கலை பாஸ். ஸ்வீட் டப்பாவோடு ஓடி வந்தாள்.

"அத்த, அப்பா இன்னா எழுதி வெச்சிருக்காரு? காட்டு."

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் கண்ணு. ஞாயித்துக்கெழம வா."

பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். அது உள்ளேதான் இருந்தது. அவளும் நம்பிப் போனாள். என்னை மன்னிப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை அதை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். தானாகக் கெட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். நான்தான் அழித்தேன் என்பேன். அதற்குப் பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறாவிட்டாலும் சரி. இது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கு நல்ல அத்தையாக இருக்கும்
உன் தங்கச்சி