ஊஞ்சலுக்கு ஒரு மணிமாலை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் மாப்பிள்ளையும் உன் பாப்பாவும் சுகம். என் முட்டிவலி போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும். குட்டி பிடிமானம் இல்லாமல் நான்கு அடி எடுத்து வைத்தாள் என்று நீ சொன்னதைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. குட்டியின் வீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு வருடம் வேலைக்கு இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், பாப்பா நான் இல்லாமல் பழகிவிட்டாளா, உள்ளதை உள்ளபடி சொல்லு என்றாய். போனில் வேண்டாம், அவள் பக்கத்திலேயே நிற்பாள், எழுதி அனுப்பு என்றாய். ஞாயிற்றுக்கிழமை பேனாவை எடுத்தபோது, காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். விடை தெரிந்த கணக்குக்கு வழிமுறை எழுதுவதா கஷ்டம்? இன்று வியாழன். கசங்கிய தாள்களைக் கூடையில் பார்த்த மாப்பிள்ளை, 'என்ன மச்சான், மறுபடியும் பரீட்சை எழுதுறீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

முதல் தாளில் எழுதியது இதுதான்: 'பழகிவிட்டாள். கவலைப்படாமல் கையெழுத்துப் போடு.' அதற்குக் காரணங்களும் எழுதியிருந்தேன். அழுவதில்லை. அம்மா எப்போது வருவாள் என்று கேட்பதில்லை. நான் பின்னிவிடும் ஜடை ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே நிற்கும். கண்ணாடியில் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், 'பரவாயில்ல மாமா, நாளைக்கு நல்லா வரும்' என்று எனக்கே ஆறுதல் சொல்வாள். மழலையர் வகுப்பில் கத்தரிக்கோல் கோணலாகப் போகும்போதெல்லாம் அவர்களுடைய டீச்சர் இப்படித்தான் சொல்வாராம். பூனைப் படம் போட்ட ஏப்ரன் கட்டியிருப்பதால் அவருக்குப் பூனை மிஸ் என்று பெயர். உண்மைப் பெயரைக் கேட்டால் பாப்பா என்னை விநோதமாகப் பார்க்கிறாள்.

படிப்பைப் பற்றியும் எழுதியிருந்தேன். இருபது வரை எண்ணுகிறாள். வழியில் பதினைந்து மட்டும் எங்கோ இறங்கிவிடும். ஆனால் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. மேசைமேல் ஏழு கரண்டி வைத்து எண்ணச் சொன்னேன். தொட்டுத் தொட்டு ஏழு வரை சரியாக எண்ணினாள். 'அப்போ மொத்தம் எத்தனை?' என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி கேட்டேன். மறுபடி ஒன்று. கடைசியில், 'மாமா, எத்தனை தடவைதான் எண்ணுறது, நீங்க கவனிக்கவே மாட்டேங்கறீங்க' என்று அலுத்துக்கொண்டாள். பூனை மிஸ்ஸிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது தனியாக ஒருநாள் பிடிபட வேண்டும், எண்ணத் தெரிவது வேறு, எத்தனை என்று தெரிவது வேறு என்றார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நட்பு விஷயம் இன்னும் மோசம். வாலு என்று ஒரு சிநேகிதி இருக்கிறாள். காலையில், 'வாலு என் ஃப்ரெண்டே இல்ல' என்று அறிவிப்பு வரும். என்ன சண்டையோ, சமாதானம் செய்து வைப்போம் என்று அன்று சாயங்காலம் நான் வாசலில் போய் நின்றால், இருவரும் ஒரே பிஸ்கெட்டை இரண்டாக உடைத்து, பெரிய துண்டு யாருக்கு என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'சண்டை போட்டீங்களே' என்றேன். வாலு என்னை மேலும் கீழும் பார்த்து, 'அது காலைல, அங்கிள்' என்றாள்.

இதையெல்லாம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாவிக் கலவரம்.

உன்னிடம் ஒரு மணிமாலையைப் பற்றிச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. வகுப்பில் மணி கோக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று வரிசை மாறாமல் கோக்க வேண்டும், அதுதான் பாடம். வீட்டில் உட்கார்ந்து முழு மாலை ஒன்று கோத்தாள். ஓர் இடத்தில் இரண்டு சிவப்பு சேர்ந்து வந்துவிட்டது. நான் வாய் சும்மா இராமல் சுட்டிக்காட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அப்பாவை நச்சரித்துச் சமையலறைக் கதவின் பக்கத்தில், தன் கை எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி அடிக்கச் சொன்னாள். அதில் மாலையைத் தொங்கவிட்டாள். கழுத்தில் போட்டுப் பார் என்றால் போட மாட்டாள். குழந்தை ஏதோ அழகுக்கு மாட்டியிருக்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு மதியம் மாப்பிள்ளைக்கு அவசர அழைப்பு. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. போய்ச் சரிசெய்துவிட்டு அலுத்துப் போய் வந்தவர், மாலையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தை அந்தக் கொக்கியில் மாட்டினார். அவ்வளவுதான். பாப்பா அழுத அழுகை இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி விசாரித்தார். 'அது அம்மாவோடது, அது அம்மாவோடது' என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. மாலை திரும்பக் கொக்கிக்குப் போன பிறகும் விசும்பல் நிற்க நேரமாயிற்று. நான் உறையிலிருந்து தாளை எடுத்துக் கசக்கிப் போட்டேன்.

திங்கட்கிழமை பூனை மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர், 'சார், குட்டின்னு ஒரு தங்கச்சி இருக்காளா வீட்ல?' என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன வாரம் குடும்பம் என்று ஒரு பாடமாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு எடுத்து வையுங்கள் என்று பொம்மைத் தட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பா நான்கு எடுத்து, அப்பா, மாமா, நான், அம்மா என்று வைத்திருக்கிறாள். பிறகு சற்று யோசித்துவிட்டு நான்காவது தட்டை எடுத்துப் போய்ப் பெட்டியில் வைத்துவிட்டு, 'இது இப்போ குட்டிகிட்ட இருக்கு' என்றாளாம்.

குட்டி யார் என்று நான் சொன்னேன். மாலையைப் பற்றியும் சொன்னேன். பூனை மிஸ் என்னை வகுப்பின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் விளையாட்டுக்கு ஒன்றாக வரிசையாகக் கொக்கிகள். தண்ணீர்த் தொட்டிக்கு நான்கு மணிமாலைகள், கட்டைகளுக்கு மூன்று. ஊஞ்சலுக்கு ஒன்றே ஒன்று. மாலை போட்டிருப்பவர்தான் ஊஞ்சலில் ஆடலாம். மற்றவர்கள் பிடுங்கக் கூடாது, அழக் கூடாது, நச்சரிக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை, 'முடிச்சதும் எனக்குத் தர்றியா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடுகிறவர், போதும் என்று தானாகத் தோன்றும்போது மாலையைக் கழற்றிக் கேட்டவர் கழுத்தில் போட வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாலு ஆடிக்கொண்டிருந்தாள். நம் பாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இந்த வகுப்பிலேயே காத்திருக்கத் தெரிந்த குழந்தை இவள்தான் சார் என்றார் பூனை மிஸ். பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கொஞ்ச நாள் முன்னால் நீ வீடியோவில் பேசியபோது, குட்டி உன் மடியில் உட்கார்ந்து ஒரு துணி யானையைக் கையில் வைத்திருந்தாள். பாப்பா திரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம், 'முடிச்சதும் எனக்குத் தர்றியா?' என்று கேட்டாள். குட்டி தலையை ஆட்டினாள். நீ சிரித்து, உனக்கும் ஒரு யானை வாங்கி வருகிறேன் என்றாய். நானும், 'கேட்டு வாங்குறா பாரு, நல்ல பொண்ணு' என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவள் யானையைக் கேட்கவில்லை, தங்கச்சி.

அன்றிலிருந்துதான் அவள் உன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். ஒரு தடவை கேட்டாயிற்று, அவ்வளவுதான்.

இப்போது நீயே சொல்லு, உன் கேள்விக்கு நான் என்ன பதில் எழுதுவது? பழகவில்லை என்று எழுதலாமா? நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், விளையாடுகிறாள். பழகிவிட்டாள் என்று எழுதலாமா? அது பொய். காத்திருக்கிறாள் என்றால், அது நல்லதா கெட்டதா? நம்பிக்கையோடு காத்திருப்பவளை இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லலாமா, அல்லது நம்பிக்கையோடு இருப்பதாலேயே சொல்லக் கூடாதா? அங்கே அந்தக் குட்டியும் உன் விரலைப் பிடித்துப் பழகி இப்போதுதான் தனியாக அடி வைக்கிறாள். அவள்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு உதைக்கிறது.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். 'லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னா உள்ள இருக்கறவங்ககிட்ட அஞ்சு நிமிஷம்னு மட்டும் சொல்லக் கூடாது மச்சான். ஆறாவது நிமிஷம் கதவை உதைப்பாங்க. நான் வெளியதான் இருக்கேன், உங்களுக்காகத்தான் வந்திருக்கேன்னு குரல் கொடுத்துக்கிட்டே இருக்கணும். எனக்கு அதுதான் தெரியும்' என்றார். பிறகு, உங்கள் தங்கை முடிவுக்குக் குறுக்கே நான் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேற்று நானே பாப்பாவிடம் பேசிப் பார்த்தேன். பொறுமையாக, உதாரணத்தோடு விளக்கினேன். அப்பா லிஃப்ட் சரிசெய்யப் போவதுபோல அம்மா குட்டியைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போயிருக்கிறாள், குட்டி அம்மாவைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் அம்மாவே வந்துவிடுவாள் என்றேன். முழுவதும் கேட்டாள். என் அறியாமைக்கு இரங்குகிறவள்போல என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: 'இல்ல மாமா. மாலை போட்டவங்கதான் போதும்னு சொல்லணும். ஊஞ்சல் சொல்லாது.'

நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதில் சொன்னவன். இப்போது அவளிடம் பாடம் கேட்கிறவன் ஆகிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் பாப்பா வந்து, யாருக்கு என்று கேட்டாள். அம்மாவுக்கு என்றேன். அவள் போய், நாற்காலியை இழுக்காமலே எட்டிக் கொக்கியிலிருந்து அந்த மாலையை எடுத்து வந்து என் தாளின்மேல் வைத்தாள். 'தப்பா மாட்டிட்டேன் மாமா. கொக்கில இருந்தா யாரும் விளையாடலைன்னு அர்த்தம். இதைக் குட்டி கழுத்துல போடச் சொல்லுங்க. போட்டாத்தானே கழட்ட முடியும்' என்றாள்.

இத்துடன் வைத்திருக்கிறேன். உறை புடைத்துக்கொண்டிருக்கும், திறக்கும்போது மெதுவாகப் பிரி, மணி சிதறிவிடப் போகிறது. இரண்டு சிவப்பு சேர்ந்திருக்கும் இடத்தை நான் திருத்தவில்லை. இதை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. யார் கழுத்தில் போடுவது, யார் கழற்றுவது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போடுகிறாயோ, திரும்பி வருகிறாயோ, எதுவானாலும் அடுத்த முறை போனில் வரும்போது அவளிடம் நீயே பேசு. ஊஞ்சலுக்கும் வாய் உண்டு என்று அவளுக்குத் தெரியட்டும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அந்தக் குட்டிக்கும் என் ஆசி. கொக்கி காலியாகத்தான் இருக்கிறது. அதில் யாரும் சாவி மாட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்