நீல மாஸ்க்கின் உள்பக்கம்

நேற்று உன் பெண் உன்னுடைய ரவிக்கைகளை ஒரு பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்துவந்தாள். தன் அளவுக்குப் பிடித்துத் தரச் சொன்னாள். பையைக் கொட்டினால் அடியில் அந்த நீல மாஸ்க். கொரோனா நேரத்தில் நான் உனக்குத் தைத்துக் கொடுத்தது. பழக்க தோஷம், உடனே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். என் லைனிங்குக்கு மேல் பழைய பனியன் துணியை வைத்து நீ கையால் தைத்திருந்தாய். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, மூலையில் கொத்தாக நூல். கார்மென்ட்ஸில் பதினோரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று ஊரார் தையலில் குற்றம் கண்டுபிடித்தவள் நீ. உனக்கு ஊசி பிடிக்கவே வராது.

அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. நீ போய் இன்னும் வருஷம்கூட ஆகவில்லை. இறந்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். திட்டத்தான் போகிறேன்.

லாக்டவுன் முடிந்து பொம்மனஹள்ளியில் நம் கம்பெனி திறந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? கம்பெனி கொடுத்த மாஸ்க்கின் நாடா இரண்டே நாளில் அறுந்தது. கட்டிங்கில் மிச்சமான துணியை எடுத்து, உன் நீலப் புடவைக்குப் பொருத்தமாக ஐந்து மாஸ்க் தைத்தேன். உள்ளே பாலியெஸ்டர் லைனிங். கோட்டுக்கு வைக்கிற துணி முகத்துக்கு ஆகுமா என்று யோசிக்கவில்லை. தண்ணீரில்கூட நனைக்கவில்லை, மொடமொடப்பு போய்விடுமாம். நழுவக் கூடாது என்று எலாஸ்டிக்கை வேறு இழுத்துப் பிடித்தேன். அதைப் போட்டுக்கொண்டு நீ மெஷின் லைன் முழுக்கச் சுற்றி வந்தாய். "என் ஃப்ரெண்டு தெச்சது, பாருங்கடி!"

பத்தே நாளில் உன் மூக்குத் தண்டும் இரண்டு கன்னமும் சிவந்து தடித்தன. மாஸ்க்கின் ஓரம் எங்கே அழுத்தியதோ, சரியாக அங்கே.

"என்னடி இது, அரிக்குதா? மாஸ்க் உறுத்துதா?"

"ஒண்ணுமில்லடி. மாம்பழம் தின்னேன், சூடு."

என்ன வாய் உனக்கு! மறுநாள் சிவப்பு தெரியாமல் இருக்கப் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாய். பவுடரும் வேர்வையும் சேர்ந்து மாஸ்க்குக்குள் ஊறி, தடிப்பு புண்ணானது. ஆஸ்டின் டவுனில் உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். மாஸ்க்கைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, தண்ணீரை மிச்சம் பிடிக்க ஒரே ஒரு முக்கு முக்கி உலர்த்துவாயாம். போகாத சோப்பு முழுக்க உன் கன்னத்தில். இதெல்லாம் நேற்று உன் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ தோல் டாக்டரிடம் போனதையும் அவள்தான் சொன்னாள். பவுடரை நிறுத்து, மாஸ்க்கை நன்றாக அலசு, முகம் கழுவி ஒற்றியெடுத்து க்ரீம் தடவு, அது தோலில் இறங்கிய பிறகு மாஸ்க் போடு, டீ நேரத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கழற்றிக் காற்றாட விடு. அவர் சொன்ன அத்தனையும் செய்தாய். ஒன்றைத் தவிர. "இந்த மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு காட்டன்ல வேற போடுங்கன்னார். அம்மா கேக்கல ஆன்ட்டி. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு அப்பாவோட பனியனை வெட்டி உள்ள வச்சுத் தெச்சாங்க."

டீ நேரத்தில் நீ தனியாக மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது இதற்காகவா? நீ என்னை ஒதுக்குகிறாய் என்று நினைத்தேனே! ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. டப்பாவில் உனக்கென்று எடுத்துவந்த எலுமிச்சை சாதத்தை உன் கண்ணெதிரே பக்கத்து மெஷின்காரிக்குக் கொடுத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நீ. ஒரு வார்த்தை, "குத்துதுடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எலாஸ்டிக்கைப் பிரிக்க எனக்கு இரண்டு நிமிஷம்.

பேசத் தெரியாதவளா நீ? எவளுக்காவது பாத்ரூம் போக விடவில்லை என்றால் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பாய். "ஏன் சார், நாவு மனுஷரல்வா?" என்று, நாங்க மனுஷங்க இல்லையா என்று கன்னடத்தில் நீ கேட்டால் அந்த ஆள் தலையைச் சொறிவான். ஊருக்கெல்லாம் பேசுவாய். உனக்கென்று வந்தால் மட்டும் ஒண்ணுமில்ல.

அந்த ஒண்ணுமில்லதான் உன்னைக் கொண்டுபோனது. போன வருஷம் கம்பெனி மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். முகமெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "ஒண்ணுமில்லடி, கேஸ். ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்." நானும் சோடா வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் உனக்கு மாலை வாங்கினேன். உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல். மாம்பழத்தை நம்பியவள்தானே சோடாவையும் நம்பினேன்.

நேற்று மயில்கழுத்துக் கலர் ரவிக்கையைப் பிடித்து உன் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். தோளில் கொஞ்சம் இறுக்கம் போலத் தெரிந்தது.

"தோள்ல புடிக்குதாம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. பரவால்ல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ. "கழட்டுடி அதை!" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் மிரண்டு அழ ஆரம்பித்தாள். நான் விடவில்லை. புடிக்குதா இல்லையா, வாயைத் திறந்து சொல்லு என்று எதிரிலேயே நின்றேன். கடைசியில் விசும்பிக்கொண்டே சொன்னாள்: "கையத் தூக்க முடியல ஆன்ட்டி."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு அக்குள் தையலையும் பிரித்தேன். பிரிக்க இரண்டு நிமிஷம்தான் ஆனது. உன் மாஸ்க்கை மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். அந்தக் கோணல் தையல் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.