வெடிப்புக்குப் பவுடர் பூசிய போன்

அன்பு மகன் கிருபாகரனுக்கு அப்பா மத்தேயு எழுதுவது. மாதா புண்ணியத்தில் அம்மா, தங்கச்சி, நான் மூவரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது, கடைசி வரை படி.

நீ அனுப்பிய மூன்று கண் போன் நமுனுகுலைத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து நம் லயத்து வீட்டு வரிசையில் ஒருவருக்கும் வயதாவதில்லை. நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த உன் அம்மா செபஸ்தியம்மாவுக்கு அதில் எடுக்கிற படத்தில் புதுப்பெண் முகம், எனக்கோ நரைத்த மீசையோடு குழந்தைக் கன்னம். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். போன மாதம் மண்சரிவு பயமுள்ள லயங்களுக்குப் புது வீடு கொடுக்க அரசாங்கத்தில் பெயர் எழுதினார்கள், சுவர் வெடிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். நாம் படுக்கிற காம்பராவின் பின்சுவரில் இரண்டு விரல் நுழையும் வெடிப்பு, மழைக்கு மழை நீளுகிறது. படம் என்றதும் உன் அம்மா வெடிப்பில் பேப்பரை அடைத்து, சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் மாதா படத்தை மாட்டி, கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றுவிட்டாள். கேட்டால், வெளியாளு பாக்குற படங்க, வீடு அசிங்கமா இருந்தா நம்மளத்தானே பேசுவாங்க என்கிறாள். அவளைச் சொல்லி என்ன, நானும் சவரம் செய்துகொண்டுதான் நின்றேன். மிச்சமிருந்த கீறலை உன் போன் பார்த்துக்கொண்டது, இருட்டுக் காம்பராவைப் பட்டப்பகலாக்கி, எங்கள் முகத்தை வழித்த கையோடு சுவரையும் வழித்துவிட்டது. தங்கச்சி ஜெசிந்தினி அதை அப்படியே அனுப்பினாள். பெயர் எழுதிய ஐயா, ஒங்க வீடு நல்லாத்தானே இருக்கு, மொதல்ல ஆபத்துல உள்ளவங்களுக்குக் குடுப்போம் என்று சொல்லிவிட்டார். உனக்கும் அதே படம்தான் வந்தது, நீ சூப்பர் என்று எழுதி இதயம் அனுப்பினாய்.

பிறகு பசறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜுனைதீனைக் கூட்டி வந்தேன். அந்த மனுசன் கறுப்புக் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, மாதா படத்தைக் கழற்றச் சொல்லி, பேப்பரைப் பிடுங்கி, பக்கத்திலிருந்து வெளிச்சம் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். சிரிக்கவா என்று உன் அம்மா கேட்டதற்கு, சொவருக்குச் சிரிப்பு வருதா பாருங்கம்மா என்றார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அவர் கேமரா பொய் சொல்லாது. அந்தப் படத்தைப் பார்த்த ஐயா மறுநாளே நேரில் வந்து வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்து, இன்னைக்கே வெளிய வந்துருங்க என்றார். நம் பெயர் புது வீட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது. பதினோரு நாளாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்கிறோம். நேற்று முன்தினம் பெய்த மழையில் அந்தச் சுவர் விழுந்துவிட்டது, அம்மா படுக்கிற இடத்தில்.

பயந்து காசு அனுப்பாதே, தலைக்கு எண்ணெய் வை, ஞாயிறு பூசையை விடாதே. ஜுனைதீன் எடுத்த படத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். வெடிப்பைப் பார்த்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவளையும் பார். போனில் பார்த்துப் பார்த்து, அம்மா அப்படியேதான் இருக்காங்க என்று நாலு வருடமாக லீவைத் தள்ளிப்போட்டாயே, உன் அம்மா இப்போது இப்படித்தான் இருக்கிறாள். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். சீக்கிரம் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. மத்தேயு