வெள்ளைச் சுவர்

செவ்வாய், மாயாபந்தர்.

இன்று செல்வம் அண்ணன் வேறு வங்கிக்குப் போய்விட்டார், அதுவும் எங்கள் கிளைக்குள் நின்றுகொண்டே. படகு ஜெட்டியில் மீன் வியாபாரம் செய்பவர். பதினைந்து வருடமாக என் கவுன்ட்டருக்குத்தான் வருவார்.

"மேடம், உங்க பேங்க்லதான் நெட்வொர்க் டீக்கா வருது. பின்னாடி வெள்ளைச் சுவரு வேணுமாம். பஸ், அவ்வளவுதான், ரெண்டு மினிட்" என்றார் பாதி இந்தியில்.

வீடியோவில் முகம் காட்டினாலே கணக்குத் தொடங்கலாம் என்று விதி வந்தாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கும் தனியார் வங்கிகள் முந்திக்கொண்டன. எங்கள் தலைமையகம் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. போன மாதம்கூட ஒரு கையெழுத்துக்காக இவரை மூன்று தடவை அலையவிட்டேன்.

அவர் போனில் அந்தப் புது வங்கியின் சின்னப் பெண் ஒருத்தி. "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே சிமிட்டினார். என்னிடம் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாரா? எனக்கு வயிறு எரிந்தது. அந்த வசதியை எனக்குக் கொடுத்திருந்தால் நானும்தான் 'சார் சார்' என்றிருப்பேன்.

அவள் பின்கோடு கேட்டாள். அண்ணன் தெரியாமல் விழித்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல யாரு சார்?" என்றாள் கண்டிப்பாக. கூட இருந்து யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாதாம்.

"யாருமில்லம்மா. பழைய பேங்க் மேடம்."