எகிப்தில் ஒரு விசித்திரமும் இல்லை

1968 ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. சேலையைப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா. பள்ளிக்குள் நுழைந்தபோது தலை பேய் மாதிரி.

ஒன்பதாம் வகுப்பில் எகிப்து. நைல், வெள்ளம், பிரமிடு, எல்லாம் ஓடிற்று. பிறகு பெண்களைப் பற்றி உள்ள ஒரே பத்தி. அங்கே ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து நெய்தார்களாம், பெண்கள் சந்தைக்குப் போனார்களாம். உலகத்தில் எங்குமில்லாத விசித்திரமாம். திருநெல்வேலியில் நான் படித்தபோது இந்த இடத்தில் வகுப்பே சிரித்தது. வேலைக்கு வந்த இந்த ஊரிலும் சிரிப்பார்கள் என்று வாசிப்பை நிறுத்தினேன். மூச். எல்லா முகமும் 'அப்புறம்?' என்று பார்க்கிறது.

வசந்தாமணி எழுந்தாள். பக்கத்துத் தறிக்கிராமம் முதலிபாளையத்துப் பெண். "இதுல என்னங்க டீச்சர் விசித்திரம்? எங்கூட்டுல அப்பாதானுங்க தறியில உக்காந்திருக்கும். அம்மா துண்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போகுமுங்க."

பின் பெஞ்சில் இன்னும் இரண்டு குரல்: "எங்கூட்லயும் அப்படித்தானுங்க!"

மணி அடித்தது, பிழைத்தேன்.

வாங்க வேண்டியவை: சீயக்காய், மண்ணெண்ணெய். குடைக்கம்பி சரி செய்ய.

ஜூலை 9, செவ்வாய்

இலவச பீரியடில் புத்தகம் முழுக்கப் புரட்டினேன். சிந்துவெளியில் பெண்: வளையல். ரோமில்: பிள்ளை வளர்ப்பு. சீனாவில்: கட்டிய பாதம். நம் நாட்டில்: கற்பு. வாள் எடுத்தால் ராணி, எடுக்காவிட்டால் நகை. வேலைக்குப் போகிறவள் எகிப்துக்காரி ஒருத்திதான், அவளும் விசித்திரம். அட கடவுளே, இத்தனை வருஷம் இதைத்தானா ஒப்பித்தேன்!

வகுப்பில் சொன்னேன்: விசித்திரம் என்பது பார்க்க வந்தவன் சொன்ன சொல், அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னதல்ல. எல்லோரும் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்தார்கள். என்ன சந்தோஷம் அதுகளுக்கு! எனக்கும்தான்.

ஜூலை 12, வெள்ளி

தலைமையாசிரியை கூப்பிட்டார் (இனி த.ஆ., எழுதி மாளாது). திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். "உங்க கிளாஸ்லதானுங்கம்மா உக்காருவாரு. அவரு எழுதறதை வெச்சுத்தான் உங்களுக்குப் பர்மனென்ட். புத்தகத்துல இருக்கறதை மட்டும் நடத்துங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில் ஷிப்டு முடிந்து வந்து குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். "பென்சில்தானே? ரப்பரை வச்சு அழிக்கச் சொல்லிரு," என்றார், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு. அவரை எந்த நாட்டு விசித்திரத்தில் சேர்ப்பது? கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

அழிக்கச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில். பாதிப் பாடத்தில் எழுந்து அவரே கேட்டார்: "எகிப்தியரின் விசித்திர வழக்கம் எது?" வசந்தாமணி எழுந்தாள்.

"விசித்திரம் இல்லீங்க ஐயா. பார்க்க வந்தவங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்குமுங்க. எங்கூட்டுக்கு வந்திருந்தா எங்களையும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க."

"அப்போ புத்தகம் தப்பா?"

"எழுதுனவங்க இந்தப் பக்கம் வந்ததில்லையாட்டம் இருக்குதுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "யார் சொல்லிக் கொடுத்தது?"

பெண் உளறுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். "அவ எனக்குச் சொன்னாளுங்க. நான் வகுப்புக்குச் சொன்னேனுங்க," என்றேன். எனக்கும் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. கரும்பலகை எழுத்து நன்று. வகுப்பு அமைதி நன்று. பாடநூலை விட்டு விலகுகிறார், நிரந்தரம் அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம். த.ஆ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அழுதேன். எரிச்சல், அவமானம், எல்லாம்.

வசந்தாமணி எப்படியோ தெரிந்துகொண்டு வந்து நின்றாள். "என்னாலதானுங்களா டீச்சர்?"

"ஆமா, உன்னாலதான்." முகம் தொங்கிவிட்டது பிள்ளைக்கு. "இன்னொரு தடவை யாரு கேட்டாலும் அதையேதான் சொல்லணும். சொல்வியா?"

"சொல்றனுங்க டீச்சர்."

என்ன பெண்! அதிகாரி முன்னால் குரல் நடுங்காமல் பேசினாளே. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவள் என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம், இருந்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை கிரேக்கம். பாடத்தை இரண்டு தரம் படித்துவிட்டேன். ஒரு பெண்கூட இல்லை. ஏன் என்று வசந்தாமணி கேட்காமல் விடமாட்டாள்.